சுபைறாவின் கோப்பிக் காணி

எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கல்முனைக்குடியில் கடல் பக்கத்து வீடு ஒன்றுகூடத் தப்பவில்லை. பக்கத்து வீட்டுச் சுபைறாவின் கூரை எங்கள் கிணற்றடியில் வந்து விழுந்தது. தான் இருந்த வீடு போனதற்கு அவள் அழவில்லை. அதே வளவில் மகள் நஸீறாவுக்கென்று எழுப்பிய சுவர்கள் சரிந்து கிடந்ததைப் பார்த்துத்தான் மாரில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்குத்தான் குடிவருவார். வீடில்லாத குமரை எவரும் கேட்டு வரமாட்டார்கள். நஸீறாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

அடுத்த வருடம் ஒரு கிறிஸ்தவ உதவிச் சங்கம் ஊருக்கு வந்தது. நாங்கள் மிஷன் என்று சொல்வோம். அதன் ஆளான தம்பிமுத்து ஐயா சைக்கிளில் வீடு வீடாக வந்து பெண்களைக் கூட்டினார். தென்னை காய்க்க வருடக்கணக்காகும், கோப்பி மூன்றாம் வருடமே காய்க்கும் என்றார். வயல் ஓரத்து மேட்டுக் காணியில், வாழைக்கு நடுவே நிழலில் வைக்க வேண்டும். ஆளுக்கு நாற்பது கன்று. மூன்று வருடத்துக்குப் பிறகு முப்பது மரமாவது உயிரோடு நின்றால் அந்த வீட்டுக்குச் சீமெந்தும் ஓடும் மிஷன் தரும். “அவங்கட வேதத்துக்கு இழுக்கிற வேல இது” என்று ஆம்பிளைகள் முணுமுணுத்தார்கள். அந்த மனுசன் ஒரு நாளாவது வேதம் கதைத்தாரா? மாட்டெருவைப் பற்றிக் கதைத்தே எங்கள் உயிரை எடுத்தார்.

நானும் நாற்பது வாங்கினேன். முதல் கச்சான் காற்றின் வறட்சியிலேயே எல்லாம் காய்ந்து விறகாகிவிட்டன. மற்றப் பெண்களுக்கும் அதே கதைதான். சுபைறாவுக்கு மட்டும் இரண்டே இரண்டு செத்தன. கன்றுக்குக் கன்று தென்னோலைக் கிடுகு கட்டி, கரைவலை இழுத்துவிட்டு வரும் புருசன் ஸைனுலாப்தீன் காக்காவையும் விடாமல் வாய்க்காலில் தண்ணீர் அள்ள வைப்பாள். “மகள்ட கல்லும் சீமெந்தும் இதிலதான் இரிக்கி” என்பாள். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பச்சைப் பொய்.

எண்பத்திரண்டில் நஸீறாவைத் தன் மகன் முனாப்புக்குப் பேசி வைத்தார் ஆசியா உம்மா. நல்ல குடும்பம், நல்ல பொடியன். வீடு முடிந்ததும் கல்யாணம். மரம் பார்க்க மிஷன் ஐப்பசியில் வருவதாக இருந்தது. ஆனி மாதம் ஒரு காலையில் ஸைனுலாப்தீன் காக்கா வலைக் கயிற்றைப் பிடித்தபடியே நெஞ்சைப் பொத்திக்கொண்டு மணலில் இருந்தார். பிறகு எழும்பவில்லை.

சுபைறா இத்தாவில் இருந்தாள். புருசன் மௌத்தானால் பெண்சாதி நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்க வேண்டும். எங்கள் ஊரில் அதை இன்னும் இறுக்கி வைத்திருந்தார்கள்: வெள்ளை உடுப்பு, வாசலில் திரை, அந்நிய ஆணின் குரல்கூடக் காதில் விழக்கூடாது. குமரான நஸீறாவையும் வயல் பக்கம் தனியே விட முடியாது. கொதிக்கிற கச்சான் காலம் அது. திரைக்குள் இருந்து என் கையைப் பிடித்தாள்.

“றாபியா, ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஊத்துவியா புள்ள? ஒன்னத்தான் நம்பி இரிக்கன்.”

“இதென்னகா கேள்வி? நான் ஊத்தாம வேற ஆரு ஊத்துற?” என்றேன்.

ஒரு கிழமை ஊற்றினேன். அரை மைல் நடை, முப்பத்தெட்டு மரம், இடுப்பில் குடம். பிறகு ஒரு நாள் தலையிடி என்று நின்றேன், மறுநாள் வெயில் என்று நின்றேன். அப்புறம் போகவேயில்லை. “ஊத்தினியா?” என்று கேட்கும்போதெல்லாம் “ஓம், ஊத்தின” என்றேன். என்ன மனுசி நான்! அவள் எனக்கு துஆச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு பின்னேரம் தம்பிமுத்து ஐயா வேலிக்கு வெளியே நின்று நஸீறாவிடம் சொல்லிவிட்டுப் போனார்: “மகள், உம்மாக்குச் சொல்லுங்க. மரமெல்லாம் வாடுது. இண்டைக்கு நான் கொஞ்சம் ஊத்தினன். ஆனா உங்கட காணிக்குள்ள நான் அடிக்கடி போய் நிண்டா ஊர் ஒண்டு கதைக்கும்.”

சுபைறா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு கத்திவிட்டு ஆறியிருப்பேன். சில நாள் கழித்து, விடிகாலைச் சுபஹு பாங்குக்கு முன் கிணற்றடிக்கு வந்த நான் பார்த்தேன்: வெள்ளை உடுப்போடு, குடத்தை இடுப்பில் வைத்து, அவள் வயல் பக்கம் நடந்துகொண்டிருந்தாள். வெளிச்சம் வருமுன் திரும்பியும் விட்டாள். தினமும் அப்படித்தான். என் பொய் அவளுக்குத் தெரிந்துவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெட்கப்பட வேண்டிய நான் கோபப்பட்டேன்.

அந்தக் கோபத்தில்தான் ஆசியா உம்மாவின் தங்கை சுல்பிகாவிடம் சொன்னேன். “இத்தாவில இரிக்கிறவ இருட்டில எங்க போறாவாம்?” என்று அவ்வளவுதான். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா? இரண்டு நாளில் ஊர்க் கதையில் அது மிஷன் ஆள் அவளுக்காகக் காத்திருக்கிற காணியாகிவிட்டது. தம்பிமுத்து ஐயாவுக்குப் பேரன் பேத்தி இருந்தார்கள். அதை யார் யோசித்தார்கள்?

ஆசியா உம்மா திரைக்கு வெளியே நின்றே சொன்னார்: “இத்தாவக் காக்காத ஊட்டுல எங்களுக்குச் சம்பந்தம் வேணாம்.”

“மரத்துக்குத் தண்ணி ஊத்தத்தான் போன மாமி. ஆம்பிளையள்ற கண்ணில படக்குடா எண்டுதான் இருட்டில போன. அல்லாஹ் அறிவான்!” சுபைறா கத்தினாள். நான் என் வேலிக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் மிஷன்காரர் வந்து பார்த்தபோது முப்பத்துநான்கு மரம் நின்றது. சீமெந்து வந்தது, ஓடு வந்தது, வீடு எழும்பியது. கோப்பியும் காய்த்தது. முனாப் சாய்ந்தமருதில் கல்யாணம் செய்தான். நஸீறாவைக் கேட்டு வந்த ஒன்றிரண்டு பேரும் அந்தக் கதை காதில் விழுந்ததும் திரும்பிப் போனார்கள். எண்பத்தைந்தில் தமிழ் ஊருக்கும் எங்கள் சோனக ஊருக்கும் இடையே கலவரத்தில் ரோட்டு அடைபட்டது. தம்பிமுத்து ஐயா வருவதும் நின்றது. புது வீட்டில் உம்மாவும் மகளும் மட்டும் இருந்தார்கள்.

எண்பத்தெட்டில் வெளிநாட்டில் ஓதிவிட்டு வந்த ஒரு மௌலவி பெண்களுக்கு மார்க்கப் பயான் செய்தார். ஒருத்தி இத்தாவைப் பற்றிக் கேட்டாள். “தேவை இருந்தாப் பகல்ல வெளியே போகலாம். ராவையிலதான் ஊட்டில தங்கணும்” என்று திரைக்கு அந்தப் பக்கமிருந்து சொன்னார். சுபைறா என் பக்கத்தில் இருந்தாள். பயான் முடியுமுன் எழும்பிப் போனாள். நான் பின்னால் ஓடினேன்.

அவள் தன் வீட்டு வாசலில் இருந்தாள். “பகல்ல போயிருக்கலாமாம் றாபியா. எல்லாரும் பாக்கப் போயிருந்தா ஒருத்தரும் ஒண்டும் கதைச்சிருக்க மாட்டாங்க, என்னகா?”

ஆறு வருடம் தொண்டையில் கிடந்ததை அதற்குமேல் வைத்திருக்க முடியவில்லை. “பகல்ல போயிருந்தாலும் நான் கதைச்சிருப்பன். சுல்பிகாட்டச் சொன்ன நான்தான்” என்றேன்.

அவள் அழவுமில்லை, ஏசவுமில்லை. “என்ட்ட ஏன்கா சொல்ற? போனது என்ட வாழ்க்கையா? உள்ளுக்குப் போய் அவள்ட்டச் சொல்லு” என்றாள்.

நஸீறா அடுப்படியில் வறுத்த கோப்பி இடித்துக்கொண்டிருந்தாள். இருபத்துமூன்று வயது; முகம் அதைவிட மூத்திருந்தது. நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர் ஊற்றாததையும் சேர்த்து. அவள் உலக்கையை நிறுத்தவில்லை.

“சரி சாச்சி,” என்றாள். “போய்ட்டு வாங்க.”