ஆட்சேபணையும் உள்தாழ்ப்பாளும்

அரியலூரில் நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் கதவு வைத்த அறை என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வீடு என்னவோ பெரிய வீடுதான். முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், ஒரு கூடம், சமையல்கட்டு, அதற்கும் பின்னால் சந்து வரைக்கும் போகிற கொல்லை. மாமனார், மாமியார், மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், மூத்தவர்களின் பிள்ளைகள், இத்தனை பேருக்கும் அந்த ஒரு அறைதான். நான் மூன்றாவது மருமகள். மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

முறை வைத்துத்தான். ஆனால் யாரும் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் மாமியார் லாந்தரைத் துடைத்து, எண்ணெய் ஊற்றி, ஏதாவது ஒரு மருமகளின் கையில் கொடுப்பார். அன்றைக்கு அறை அவளுக்கு. மற்றப் பெண்கள் கூடத்தில், ஆண்கள் முற்றத்தில். நான் போன புதிதில் விஷயம் புரியாமல், என் கையில் வந்த லாந்தரைக் கொண்டுபோய் மாட்டுக்கொட்டகையில் மாட்டிவிட்டு வந்து கூடத்தில் படுத்துக்கொண்டேன். பெரிய ஓரகத்தி சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த அறையைக் கட்டினதே கடலை மூட்டை போடுவதற்காக. அதனால் கதவுக்கு வெளியே சங்கிலி உண்டு, உள்ளே தாழ்ப்பாள் கிடையாது. மூட்டை உள்ளேயிருந்து தாழ் போட்டுக்கொள்ளப் போகிறதா என்ன? நாங்கள் உலக்கையை முட்டுக் கொடுத்து வைப்போம். ஒரு பூனை வந்து கதவை உரசினால் போதும், உலக்கை தடாலென்று விழும். உடனே முற்றத்திலிருந்து மாமனாரின் குரல் வரும். "யாரது? என்ன சத்தம்?" இதற்கு என்ன பதில் சொல்வது?

என் முறை வருகிற அன்றைக்குத்தான் ஊரில் உள்ள தடங்கல் எல்லாம் வரும். அமாவாசை வரும், கிருத்திகை வரும், சின்ன ஓரகத்தியின் பிள்ளைக்குக் கக்குவான் வரும். கடலை பிடுங்குகிற காலம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், அறை முழுக்க மூட்டை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கு என்னை அரசமரத்தைச் சுற்றச் சொன்னார்கள். வாயில் வைக்க முடியாத கஷாயம் குடிக்கச் சொன்னார்கள். கடைசியில் கீழப்பழுவூரிலிருந்து வந்த பெரியம்மா ஒருத்தி, என் காதில் விழும்படியாகவே, "பேசாம பயலுக்கு இன்னொன்னு பாத்துட வேண்டியதுதான்" என்று சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. கடலை மூட்டையோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? இந்தக் கேள்வியை நான் யாரிடம் கேட்பது? என் வீட்டுக்காரரோ கடலை மண்டியில் கணக்கெழுதுகிறவர். மண்டியில் எகிறுவார், அப்பா முன்னால் வாயைத் திறக்க மாட்டார்.

அப்போதுதான் தெருவில் தமுக்கு அடித்தார்கள். யுத்தம் முடிந்திருந்த சமயம். டவுனில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் ரயில்வேக்காரர்களும் வாத்தியார்களும் அலைந்துகொண்டிருந்தார்கள். எங்கள் தெருவில் ஒரு மனைக்கு ஒரு வீடுதான் இருக்கலாம் என்பது பஞ்சாயத்து போர்டின் பழைய சட்டம். அதை மாற்றி, கொல்லைகளைப் பிரித்துப் பின்சந்தைப் பார்த்து வரிசையாக வீடு கட்டிக்கொள்ள விடலாமா என்று போர்டில் யோசனை. ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம், ஆபீசர் ஒருவர் நேரில் வந்து பார்த்து விசாரிப்பார் என்று தமுக்குக்காரன் சொல்லிவிட்டுப் போனான். நான் சாணி தட்டிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கொல்லையில் ஒரு வீடு, அதில் ஒரு அறை, அந்த அறைக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள். அதற்குமேல் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மாமனாருக்குத் தோன்றியது வேறு. அன்று சாயங்காலமே தெரு ஆண்களையெல்லாம் எங்கள் முற்றத்தில் கூட்டிவிட்டார். நான் மோர் கொண்டுபோய் வைக்கிற சாக்கில் கதவுக்குப் பின்னால் நின்றேன். வைக்கோல் போர் எங்கே போடுவது என்றார் ஒருவர். கண்டவன் எல்லாம் வந்து கருவாடு சுடுவான் என்றார் இன்னொருவர். இவர் வீட்டில் வாரம் தவறாமல் கருவாடு, அது தெருவுக்கே தெரியும். எல்லோரும் போன பிறகு மாமனார் மாமியாரிடம் உண்மையைச் சொன்னார். "கொல்லையில வூடு கட்ட வுட்டுட்டா அவ்வளவுதான். மறுநாளே மூணு பயலுவளும் தனி அடுப்பு கேப்பானுவ. நான் உசுரோட இருக்கறவரைக்கும் வுட மாட்டேன்." மாமியார் லாந்தர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஆபீசரிடம் என்ன சொல்வது என்பதற்கு மாமனார் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் மூளையை நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் சில நேரம் அது அளவுக்கு மீறி வேலை செய்யும். "இருக்குற சனத்துக்கே எடம் பத்தல, கெணத்துல தண்ணி பத்தல, இதுல இன்னும் ஆளக் கொண்டாந்து வச்சா தெரு தாங்குமான்னு கேப்போம். ஆபீசரு வர்ற அன்னிக்கு நம்ம தெருவுல கால் வைக்க எடம் இருக்கக் கூடாது." எல்லோரும் தலையாட்டினார்கள். உறவுக்காரர்களை வரவழைத்து வீட்டை நிரப்புவதென்று முடிவானது.

வந்தார்களே, அம்மாடி! கீழப்பழுவூரிலிருந்து இரண்டு வண்டி, மீன்சுருட்டியிலிருந்து ஒரு வண்டி. ஏதோ விசேஷம் என்று நினைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தவர்கள் பாதிப் பேர். மீன்சுருட்டி மாமா ஒருவர் ஆட்டுக்குட்டியையும் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரருக்கு இன்னொருத்தியைப் பார்க்கச் சொன்ன அதே பெரியம்மா, பிள்ளைகுட்டிகளோடு வந்து நேராக அறைக்குள் போய் மூட்டைகளுக்கு நடுவில் படுக்கையை விரித்துவிட்டாள். அரிசி கண்ட்ரோலில், கார்டுக்கு அளந்துதான் கிடைத்த காலம். நாங்கள் மூன்று பேரும் கம்பங்கூழ் கிண்டிக் கிண்டித் தோள்பட்டை கழன்றுபோனது. எதிர்வீட்டிலும் இதே கூத்து. தெருவில் அன்றைக்குக் கோழி நடக்க இடமில்லை.

ஆபீசர் சைக்கிளில் வந்தார். சின்ன வயசு, தலையில் தொப்பி. வாசல்படி தாண்டியதும் ஆட்டுக்குட்டி தடுக்கிவிட்டது. நிமிர்ந்து பார்த்தார். முற்றத்தில் ஒரு கூட்டம், தாழ்வாரத்தில் ஒரு கூட்டம், கொடியெல்லாம் துணி.

"இத்தனை பேரும் இந்த வீட்லயா இருக்காங்க?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்," என்றார் மாமனார் குரலில் சோகத்தை வரவழைத்துக்கொண்டு. "எங்க பாட்டன் காலத்துலேருந்து இப்படித்தாங்க. படுக்க எடமில்லாம கஷ்டப்படுறோம்."

"ஐயையோ," என்றார் ஆபீசர். அவர் குரலில் இருந்தது நிஜமான இரக்கம். மாமனாருக்கு அது புரியவில்லை, திட்டம் பலிக்கிறதென்று மீசையைத் தடவிக்கொண்டார். ஆபீசர் மெல்ல நடந்து அறைக்கதவைத் திறந்தார். உள்ளே மூட்டை, மூட்டை மேல் பிள்ளைகள், நடுவில் பெரியம்மா. "இது யாரோட ரூம்?" என்றார்.

மாமனாருக்கு வாய் குழறியது. மூட்டை போடுகிற அறை என்று சொன்னால், இத்தனை கஷ்டத்திலும் மூட்டைக்கு மட்டும் அறை உண்டா என்று கேட்பார். யாரோ ஒருவருடையது என்றால் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பார். என் வாய் சும்மா இருக்குமா? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கதவோரத்திலிருந்து சொன்னேன்.

"அது எங்க மூணு மருமவளுக்கும் பொதுங்க சார். இன்னிக்கு யாரு மொறைன்னு எங்க அத்தைதான் சொல்லணும்."

ஆபீசரின் காது இரண்டும் சிவந்துவிட்டது. கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது, அதை எடுக்கக் குனிந்தவர் நிமிர வெகுநேரம் ஆயிற்று. மீன்சுருட்டி மாமா மட்டும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். என் வீட்டுக்காரரைத் தேடினேன். அவர் தூணுக்குப் பின்னால் போய்விட்டிருந்தார்.

ஆபீசர் கனைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கேட்டார். "உங்களுக்கு எதாவது ஆட்சேபணை உண்டாம்மா?"

"வூடு கட்டுறதுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லீங்க," என்றேன். "கட்டாம இருக்கறதுக்குத்தான் ஆட்சேபணை."

"நியாயம்தாம்மா," என்றார் அவர். மாமனாரிடம் திரும்பினார். "பெரியவரே, இந்தத் தெருவுல இவ்வளவு நெரிசல்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியாது. வீடு கட்ட விடாம வச்சிருந்தது பெரிய தப்பு. நானே எழுதறேன்."

மாமனாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இவர்கள் எல்லாம் நேற்று வண்டியில் வந்தவர்கள் என்று சொல்லவும் முடியாது, சொன்னால் பொய் சொன்னது வெளியே வந்துவிடும். வேண்டாம் என்று தடுக்கவும் முடியாது, படுக்க இடமில்லை என்று இப்போதுதானே அழுதார். கடைசியில், "சார், ஒரு வாய் மோராவது சாப்பிட்டுப் போங்க" என்றார்.

சாயங்காலமானதும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பகலில் பேசின தைரியம் போன இடம் தெரியவில்லை. என்னைப் பிறந்தகத்துக்கு வண்டி ஏற்றிவிடுவார்கள் என்றே நினைத்தேன், பெட்டியில் துணியைக்கூட மடித்து வைத்துவிட்டேன். மாமியார் லாந்தரைத் துடைத்தார், எண்ணெய் ஊற்றினார், கூட்டத்தைத் தாண்டி நேராக என்னிடம் வந்தார். என் கையில் லாந்தரைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அறைக்குள் பெரியம்மா பரிவாரத்தோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். லாந்தரை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? ஆனாலும் எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான்.

உத்தரவு வந்தது. முதலில் கட்டியது யார் என்கிறீர்கள்? எங்கள் மாமனார்தான். எதிர்வீட்டுக்காரர் செங்கல் இறக்கிவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "அவன் கட்டுறப்ப நாம பாத்துக்கிட்டு இருக்கறதா?" என்று கொல்லையில் மூன்று வீடு வரிசையாக எழுப்பிவிட்டார். சின்னச் சின்ன வீடு. ஒரு கூடம், ஒரு சமையல்கட்டு, ஒரு அறை. ஆசாரியிடம் நானே போய்ச் சொன்னேன், தாழ்ப்பாள் உள்பக்கம் வைக்க வேண்டும், நல்ல கனமாக வைக்க வேண்டும் என்று.

பால் காய்ச்சின அன்றைக்கு மாமியார் வந்தார். அடுப்பைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்க்கவில்லை. நேரே அறைக்குள் போனார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ரொம்ப நேரமாகியும் வெளியே வரவில்லை. நான் பயந்து, "அத்தை, அத்தை" என்று தட்டினேன். கதவைத் திறந்தவரின் கண் கலங்கியிருந்தது.

"நான் இந்த வூட்டுக்கு வந்தப்ப எங்க மாமியா கையில லாந்தர் இருந்துச்சு," என்றார். "நாலு மருமவ நாங்க. எம் முறை வந்த அன்னிக்கெல்லாம் அந்த ஒலக்கையவே பாத்துக்கிட்டு முழிச்சிருப்பேன்."

அடுத்த வருஷம் எனக்குப் பெண் பிறந்தது. கஷாயத்தால்தான் என்று பெரியம்மா இன்றுவரை சொல்லிக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை. அதற்கு முன்னாலேயே, நாங்கள் மூன்று பேரும் கொல்லைக்குப் போய்விட்டதும் மாமியார் ஆசாரியைக் கூப்பிட்டனுப்பினார். பழைய அறையிலிருந்த மூட்டைகளைத் தாழ்வாரத்துக்கு மாற்றச் சொன்னார். கதவின் உள்பக்கம் தாழ்ப்பாள் வைக்கச் சொன்னார். மாமனார் மீசையை முறுக்கிக்கொண்டு, புதுச்சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு வளைய வந்தார்.

மறுநாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு மாமியார் பாயை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். தனியாக. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் எங்கள் சமையல்கட்டு வரைக்கும் கேட்டது. மாமனார் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். "இந்தா, ஒன்னத்தான். தொறயேன். எனக்குக் காப்பி யாரு போடுறது?" அன்று விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் மாமியார் கதவைத் திறக்கவில்லை.