சிவப்பு மையின் தேடல் பெட்டி

என் அக்காவுக்கு அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் ‘சிவப்பு மை’ என்று பெயர். பிழை திருத்துவதுதான் வேலை; வேலை நேரம் முடிந்தாலும் கை ஓயாது. மருந்துக்கடைப் பலகையில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் தலைவலி மாத்திரையே வாங்குவாள். கல்யாணத்துக்கு முன்னால் மாமா அவளுக்கு ஆசை ஆசையாக ஒரு கடிதம் எழுதினார். ‘உன்னைப் பார்த்தால் மலை பெய்த மாதிரி இருக்கிறது’ என்று அதில் ஒரு வரி. அக்கா ‘லை’யைச் சுழித்து, மேலே ‘ழை’ போட்டுத் திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு மனுஷன் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. கல்யாணம் எப்படி நடந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அக்காவின் செல்லப்பிள்ளை, அவள் நடத்தும் ஓர் இணையதளம். கணினியில் எழுத உதவும் எடிட்டர் மென்பொருளுக்குள் செருகிக்கொள்ளும் குட்டி நிரல்களை ஆளாளுக்கு எழுதி அங்கே போடுவார்கள். வேண்டியவர்கள் சும்மா எடுத்துக்கொள்ளலாம். அடைப்புக்குறியைத் தானாக மூட ஒன்று, எழுத்தைப் பெரிதாக்க ஒன்று என்று நிறைய உண்டு. அக்காவே மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்த பிழைதிருத்தியும் அதில் இருந்தது. தளத்தின் நிரல் வேலையெல்லாம் ‘தாடி’ என்று நாங்கள் கூப்பிடும் பையனின் பொறுப்பு. அச்சகத்தில் அவனுக்கு அக்காவுக்கு அடுத்த மேசை.

வருகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள்.

“வருஷக் கடைசி வரைக்கும் பாப்போம்க்கா. இல்லேன்னா இழுத்து மூடிடலாம்” என்றான் தாடி.

அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. வண்ணத்தை மாற்றினாள், பொத்தான்களைப் பெரிதாக்கினாள். ஈ காக்கா எட்டிப் பார்க்கவில்லை. தாடிக்கு நோய் எங்கே என்று தெரியும்.

“தேடுறவங்கள்ல பாதிப் பேர் வெறுங்கையோட போறாங்க. ழ, ள, ல எதைப் போட்டாலும் காட்டுற மாதிரி மாத்திடலாம்.”

“தப்பா எழுதுறவங்களுக்கு நான் பாய் விரிக்கணுமா?” என்று அக்கா பேச்சை முடித்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் மாமா மாட்டிக்கொண்டார். அவருக்கு சைக்கிள் கடை. கடைத்தெரு சங்கத்தில் அறிவிப்பு எழுதும் வேலையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். முதல் அறிவிப்பே ‘அனைவரும் தவராமல் வறவும்’. தையல்கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட, தெருவே சிரித்தது. வீட்டில் கேட்க வெட்கப்பட்டு, மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மாப்ள, உங்க அக்காவுக்குத் தெரியாம இதுக்கு ஒரு வழி சொல்லு.”

“அவ செஞ்சதே இருக்கு மாமா. பிழைதிருத்தின்னு தேடுங்க, வந்துடும்.”

அக்கா இன்னும் வேலையிலிருந்து வரவில்லை என்ற தைரியத்தில் அவளுடைய கணினி முன்னால் உட்கார்ந்தார். ‘பிளைதிருத்தி’ என்று தட்டினார். ‘எதுவும் கிடைக்கவில்லை. எழுத்துப்பிழை உள்ளதா எனச் சரிபார்க்கவும்’ என்றது தளம். அக்காவின் கைவண்ணம். ‘பிலைதிருத்தி’ என்று போட்டார். மறுபடியும் அதே பதில். ‘பிளைதிறுத்தி’ என்று வேறு முயன்றார். எனக்கு அக்கா மேல் கோபமாக வந்தது.

“தப்பில்லாம எழுதத் தெரிஞ்சாத்தான் உள்ளயே விடுவாங்க போல. நமக்கெல்லாம் இல்ல இது” என்று எழுந்து திரும்பினார் மாமா. பின்னால் தோளில் பையோடு அக்கா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. மாமா யாரையும் பார்க்காமல், தேவையே இல்லாத ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

அக்கா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, திரையில் இருந்த தன் வாக்கியத்தையே பார்த்தாள்.

“என்னடா இப்படி எழுதி வச்சிருக்கேன்.”

“ஒரு பிழைகூட இல்லியே” என்றேன். முதுகில் அடி விழுந்தது. கண் கலங்கியிருந்ததை மறைக்கத்தான் அடித்தாள் என்று எனக்குத் தெரியும்.

மறுநாளே தாடியிடம் சொல்லிவிட்டாள். அவன் ழ, ள, ல மூன்றையும் ஒரே பாயில் உட்காரவைத்தான். ர, ற இரண்டும் ராசியாயின. அக்கா தன் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டு, பெட்டிக்கு மேலே ‘எப்படி எழுதினாலும் தேடும்’ என்று போட்டாள். ஆட்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள். மாமாவுக்கும் பிழைதிருத்தி கிடைத்தது. அவருடைய அடுத்த அறிவிப்பைத் தையல்கடைக்காரர் மேலும் கீழும் படித்துவிட்டு, சிரிக்க ஒன்றும் கிடைக்காமல் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். தளத்தை மூடும் பேச்சைத் தாடி அப்புறம் எடுக்கவேயில்லை.

யார் என்ன தேடுகிறார்கள் என்பது அக்காவின் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்; வீட்டிலும் அவளுக்கு அதைப் பற்றித்தான் பேச்சு. ஒரு மத்தியானம் நான் அச்சகத்துக்குப் போயிருந்தேன். ‘எளுத்துரு’ வந்தது, ‘விசைபளகை’ வந்தது. அவற்றுக்கு நடுவே ஒரு வரி வந்தது: ‘மலை வர்ற மாதிரி இருக்கு சீக்கிறம் வீட்டுக்கு வா’.

“யாருக்கா இது? இதையெல்லாமா தேடுவாங்க?” என்று தாடி சிரித்தான்.

அக்கா அந்த வரியை மறுபடி படித்தாள். மேசையில் திறந்து கிடந்த சிவப்புப் பேனாவை மூடி வைத்தாள், குடையை எடுத்துக்கொண்டாள்.

“மலை வருதாம். நான் கெளம்புறேன்” என்றாள் என் அக்கா, ‘ல’வை நன்றாக அழுத்தி.