என் வாயைக் கட்டிப்போட்ட ஆம்லெட்

உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். திருவனந்தபுரம் ஆரியசாலையில் என் மிளகாய் வத்தல் மண்டிக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. ஒரு மழைநாளில் என் மூத்த மகளைப் பெண் பார்க்க நாகர்கோவில் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திறங்கியது. அன்று நடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. பாதி கோபத்தில், மீதி, என் லட்சணத்தை நினைத்து.

முதலில் எங்கள் வீட்டு ஆம்லெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் தாத்தா போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் ஒரு துரையின் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை தின்ற ஆம்லெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுத்துத் தமிழாக்கிவிட்டார். வாத்து முட்டையை நுரைக்க அடித்து, பொடியாக அரிந்த உள்ளி என்கிற சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேங்காய்ப்பூ, நல்லமிளகு எல்லாம் சேர்த்து, தேங்காயெண்ணெய் காய்ந்த இரும்புச் சட்டியில் ஊற்ற வேண்டும். மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி, தட்டின்மேல் தேங்காய்ச் சிரட்டைக் கனலைப் பரப்ப வேண்டும். அடியிலும் தீ, தலையிலும் தீ. உள்ளே அது கேக் மாதிரி உப்பி வரும். கல்யாணப் பேச்சு நாளில் பெண்ணைப் பெற்றவன் தன் கையால் இதைப் போட்டு, சம்பந்தியோடு ஒரே தட்டில் சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

கூடவே ஒரு சட்டம். முட்டை சட்டியில் விழுந்ததிலிருந்து தட்டுக்கு இறங்கும்வரை சமைக்கிறவன் வாய் திறக்கக் கூடாது. எச்சில் தெறிக்கும் என்று துரை போட்ட உத்தரவாம். துரை போய்ச் சேர்ந்துவிட்டார், உத்தரவு போகவில்லை. ஒருமுறை காலில் கனல் விழுந்தபோதுகூட என் அப்பா மூக்காலேதான் "ஸ்" என்றார். மண்டியில் நாள் முழுக்க வாய் ஓயாத எனக்கு இது என்ன தண்டனை என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அன்று வந்தவர்களோடு ஜெபம் முடிந்தது. நான் அடுக்களைக்குப் போய் முட்டையை ஊற்றிக் கனலைப் பரப்பியதும் வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா. ஏதோ சர்க்கார் கச்சேரியில் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். அதிகாரம் மட்டும் இன்னும் பென்ஷன் வாங்கவில்லை.

"என்னவே, ஆம்பிள அடுப்படியில நிக்கீரு? வீட்டுப் பொம்பிளைகளுக்குக் கை இல்லியா?"

நான் கரண்டியை ஆட்டினேன்.

"இதுக்குப் பேரு ஆம்லெட்டா? நாங்க துரைமாரு வந்து தங்குத முசாபரி பங்களாவில தின்னவங்கல்லா. எந்த வெள்ளக்காரன்வே தேங்கா போடுகான்? ஓ, உம்ம தாத்தா பங்களாவில பாத்திரம் கழுவினவரு, இல்லியா?"

பட்லர் ஐயா, பட்லர்! தொண்டைவரை வந்த பதிலை விழுங்கினேன். மிளகாய் வத்தலை முழுசாக விழுங்கியதுபோல எரிந்தது. மனிதருக்கு என் மௌனம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

"பொண்ணு பள்ளிக்கூடத்துல படிப்பிச்சுக் கொடுக்காளாமே. கல்யாணத்துக்குப் பொறவு அதெல்லாம் நடக்காது, கேட்டீரா. அடுத்த வாரமே வேலைய விட்டிரணும். என்ன, சம்மதந்தானே?"

படித்துப் பாஸாகி, தானே தேடிக்கொண்ட வேலை அது. காலையில் குடையும் கையுமாக அவள் படியிறங்குவதைப் பார்த்தால் எனக்கு மண்டியின் மிளகாய் நெடிகூட மணக்கும். அதை விட வேண்டுமாம்! நான் கண்ணை உருட்டினேன். "சரி, சரி" என்று அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அடுத்த நிமிஷம் கூடத்திலிருந்து குரல்: "பொண்ணோட அப்பன் சம்மதிச்சாச்சு. வேலைய விட்டிருவா."

எனக்கு உயிரே போயிற்று. மனைவியைக் கூப்பிடக் கரண்டியால் குடத்தைத் தட்டினேன்; பூனை வந்தது. வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டிருக்கலாம், யார் வேண்டாம் என்றது? அந்தப் பதற்றத்தில் அது எனக்குத் தோன்றவே இல்லை! சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, மேலே கனல் தகதகக்க, கூடத்துக்கு ஓடினேன். தீச்சட்டி எடுத்து வந்த கிறிஸ்தவன் ஆரியசாலையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கனல் சிதறியது, வந்தவர்கள் பெஞ்சுமேல் ஏறினார்கள். நான் வாயை இறுக மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று தலையைப் பலமாக ஆட்டினேன்.

"பாத்தியளா," என்றார் பெரியப்பா, "மனுசனுக்குச் சந்தோஷம் தாங்கல."

அப்போதுதான் உள்ளறைக் கதவைத் தள்ளிக்கொண்டு என் மகள் வந்தாள்.

"மாமா, எங்கப்பா ஆம்லெட் போடும்போது வாயைத் தொறக்க மாட்டார். வீடு எரிஞ்சாலும் தொறக்க மாட்டார். அது சம்மதம் இல்ல. வேலை என்னோடது, என்கிட்ட கேளுங்க. விட மாட்டேன்."

நான் அவசர அவசரமாகக் கனல் மூடியை இறக்கிவிட்டு ஆம்லெட்டைத் தட்டில் கவிழ்த்தேன். சட்டம் தீர்ந்தது. அடுப்படியில் சேர்த்துவைத்த அத்தனை சாட்டையடிப் பதில்களையும் வீச வாயைத் திறந்தேன். "ஆமா!" என்ற ஒரே சொல்தான் வந்தது, அதுவும் ஆட்டுக்குட்டிக் குரலில்.

பெரியப்பா வேட்டியை உதறிக்கொண்டு வெளியேறினார். திரும்பியும் வந்தார். மனம் மாறி அல்ல, குடையை மறந்துவிட்டார். போகிற போக்கில், பெஞ்சிலிருந்த மாப்பிள்ளையை, தன் தம்பி மகனைப் பார்த்து, "எழும்புலே!" என்றார். அந்தப் பையனோ, "பெரியப்பா, என்கிட்டயும் யாரும் கேக்கலியே. அவங்க வேலைக்குப் போட்டும்" என்றான். அண்ணன் முன்னால் அதுவரை வாயே திறக்காமலிருந்த அவன் தகப்பனார் வாசலை ஒருமுறை பார்த்தார், தட்டை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "இரியும் சம்பந்தி, ஆறிப்போகும்."

மகள் அந்தப் பையனையே கட்டிக்கொண்டு, இன்றைக்கும் குடையும் கையுமாகப் பள்ளிக்கூடம் போகிறாள். என் கோபம்தான் ஆறவில்லை. வாய் திறக்க முடியாதவனாகப் பார்த்துக் கேள்வி கேட்டு, பதில் வராததையே பதிலாக மடித்து எடுத்துக்கொண்டு போகிறார்களே, என்ன மனிதர்கள்! இளைய மகளுக்குக் கல்யாணப் பேச்சு வந்த அன்று துரையின் உத்தரவை அடுப்பிலே போட்டேன். மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே சமைத்தேன். ஒரு பக்கம் கருகிவிட்டது. அதனால் என்ன? கருகின முட்டையை நாமே தின்று தீர்த்துவிடலாம். நாம் கொடுக்காத சம்மதத்தை ஒருவன் எடுத்துக்கொண்டு போனால், அதை ஆயுசு முழுக்கத் தின்ன வேண்டியவர்கள் நம் பிள்ளைகள் அல்லவா?