குணசேகரன் எழுதாத வரி

போன வாரம் புத்தூரிலிருந்து குணசேகரனின் மனைவி போன் செய்தார். "அவரு போயிட்டாருங்க. காலையில மார் வலிக்குதுன்னாரு. திருப்பதிக்குத் தூக்கிக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சு." குணாவும் நானும் திருப்பதியில் ஒரு சிறிய கம்பெனியில் நான்கு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில் உட்கார்ந்து புரோகிராம் எழுதியவர்கள்.

சாவு வீட்டில் எங்கள் பழைய மேனேஜர், "நல்ல மனுஷன். அந்த பிளட் குரூப் விஷயத்துலதான் சறுக்கிட்டான்" என்றார். இதைப் படிக்கும் பழைய ஆபீஸ் நண்பர்களே, உங்களில் சிலர் தலையாட்டினீர்கள். நானும் அங்கேதான் நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சித்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு ரிப்போர்ட் அச்சிடும் புரோகிராம் செய்தோம். புரோகிராமில் ஒரு வேலையைச் செய்யும் கட்டளைத் தொகுப்புக்கு ஃபங்ஷன் என்று பெயர்; ஒரு தகவலைப் போட்டுவைக்கும் பெட்டி மாதிரியானது வேரியபிள். ஒரு ஃபங்ஷனுக்குள் உருவாக்கும் வேரியபிள், அந்த ஃபங்ஷன் முடிந்ததும் இல்லாமல் போய்விடும். வெளியே உருவாக்கினால் அதில் போட்டது அப்படியே தங்கிவிடும். பிளட் குரூப்புக்கான வேரியபிளை நான் வெளியே வைத்திருந்தேன். குணா பார்த்துவிட்டுச் சொன்னார்: "முரளி, இத உள்ள வெய்ப்பா. வெளிய கெடந்தா முன்னாடி வந்தவங்களோடது பின்னாடி வர்றவங்களுக்கு ஒட்டிக்கும்."

"ஓடிக்கினுதானே இருக்குது" என்றேன்.

பாகாலாவைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணிக்கு அன்று பிளட் குரூப் சோதனையே செய்யவில்லை. அவருக்கு முன்னால் வந்தவரின் குரூப் அவருடைய ரிப்போர்ட்டில் அச்சாகிவிட்டது. பிரசவத்தில் ரத்தம் ஏற்றுமுன் ஆஸ்பத்திரியில் மறுபடி சோதித்ததால் பிழைத்தார்.

விஷயம் தெரிந்ததும் மேனேஜர் அந்த புரோகிராம் ஃபைலைக் கம்ப்யூட்டரில் திறந்தார். கடைசியாகத் திருத்தியவர் பெயர் குணசேகரன். தலைப்பில் ஓர் எழுத்துப்பிழையைச் சரிசெய்திருந்தார், அவ்வளவுதான். "நீயா?" என்று மேனேஜர் கேட்டதும் குணா என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று சற்று நேரம் காத்திருந்தார். என் மகள் பிறந்து மூன்று மாதம். வேலை போய்விடுமே என்ற பயத்தில் நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பார்த்தும் விட்டுட்டேன் சார்" என்றார் குணா.

அன்றே அவரை நிறுத்திவிட்டார்கள். கிளம்புமுன் என் இடத்துக்கு வந்து அந்த வேரியபிளை ஃபங்ஷனுக்குள் மாற்றினார். சோதனை செய்யாதவர்களுக்கு என்ன வருகிறது என்று மூன்று முறை அச்சிட்டுப் பார்த்தார். "காலியா வருது. இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆவாது" என்றார். என்னைத் திட்டியிருக்கலாம்.

மறுநாள் பாகாலாவுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டிருக்கிறார். அவர் மனைவி சொல்லித்தான் தெரியும். "யாரு பண்ண தப்புன்னு கேட்டேன். எங்க ஆபீஸ் தப்புன்னாரு" என்றார் அவர்.

குணா அச்சிட்ட மூன்று தாள்களும் என்னிடம் இருக்கின்றன. அந்தத் தவறோடு சேர்த்துக் குணசேகரனை நினைத்துவந்தவர்கள், இனி அந்த இடத்தில் என் பெயரை வைத்துக்கொள்ளுங்கள்.