கோதண்டம் மேஸ்திரியின் ஒழுகாத கூரை

"இந்த லைப்ரரி கூரை ஒரு சொட்டு ஒழுகிச்சின்னா, என் மீசைய எடுத்துடறேன் சார்."

திருத்தணிப் பல்கலைக்கழக வளாகத்தில் நூலகத்துக்குக் கான்கிரீட் போட்ட அன்று, கோதண்டம் மேஸ்திரி இன்ஜினியரிடம் சொன்னது இது. சாதாரண மீசை அல்ல அது. அரக்கோணம் ரயிலில் தனக்கென்று தனி சீட் கேட்கும்.

எங்கள் வளாகத்தின் கட்டடக்கலை வரலாற்றில் மூன்று யுகங்கள் உண்டு. முதலாவது ஓட்டு யுகம். கீழே பாடம் நடக்கும், மேலே குரங்குகள் ஓடு பிரிக்கும். இரண்டாவது கோதண்ட யுகம். வரைபடத்தில் நூலகம் வெறும் பெட்டியாக இருந்ததைப் பொறுக்காமல், மேஸ்திரி யாரையும் கேட்காமல் கூரைமேல் ஒரு கலசம் வைத்துவிட்டார். புதிதாகச் சேரும் மாணவர்கள் இன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். மூன்றாவது கண்ணாடி யுகம். அந்தக் கண்ணாடிக் கட்டடங்களுக்குள் வெந்துபோகும் பேராசிரியர்கள் மதியமானால் நூலகத்தில் தஞ்சம்.

பொன்விழா மலருக்காக இந்த வரலாற்றை எழுதியவர் பேராசிரியை புஷ்பலதா. அச்சுக்கு அனுப்புமுன், ஓர் ஐப்பசி மழையில் மேஸ்திரியை நூலகத்துக்கு அழைத்துப் படித்துக் காட்டினார். "முப்பது ஆண்டுகளாக ஒழுகாத கூரை" என்ற வரி வந்தபோது, மேஸ்திரியின் உச்சந்தலையில் ஒரு சொட்டு விழுந்தது. நேர் மேலே கலசம். அவர் நகரவில்லை. நகர்ந்தால் அடுத்த சொட்டு தரையில் விழுந்து ஊரைக் கூட்டும். படித்து முடியும்வரை தலையிலேயே வாங்கிக்கொண்டு, வேர்வை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார். அந்தக் குளிரில் வேர்த்த ஒரே மனிதர் அவர்தான்.

கிருத்திகையன்று மலையேறி மொட்டை போட்டுக்கொண்டார். முடியோடு மீசையும் போனது. திருத்தணியில் மொட்டைக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. டீக்கடையில் மச்சான் சடகோபன் மட்டும் விசாரித்தார்.

"இன்னா பாவா, வேண்டுதலா?"

"ஆங்."

"எதுக்கு?"

"மழை நிக்கறதுக்கு."

சடகோபன் மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

வாக்கும் காப்பாற்றியாயிற்று, மானமும் தப்பியது. மேஸ்திரி அத்தோடு வீட்டில் இருந்திருக்கலாம். மலர் அச்சுக்குப் போகிற அன்று, சிமென்ட் சட்டியும் ஒரு காலி பக்கெட்டுமாக நூலகத்துக்கு வந்தார். புஷ்பலதா அவருடைய மேலுதட்டையே பார்த்தார்.

"மேடம், ஒழுகாத கூரைன்னு எழுதினீங்களே, அந்த வரிய எடுத்துடுங்க," என்றார் மேஸ்திரி. "கலசம் இருக்கட்டும்."

பக்கெட்டைச் சரியான இடம் பார்த்து வைத்துவிட்டு, கூரைக்கு ஏறினார்.