ஆணியில் மாட்டாத மட்டை

எங்கள் அண்ணன் இல்லாமல் ஓர் ஆண்டு ஓடிவிட்டது. திதிக்கு வரும் உறவினர்கள், நண்பர்கள் கையில் கொடுக்கப்போகும் இந்த நினைவு மலரில் அண்ணனின் வாழ்க்கையை உடன்பிறந்தவனாகிய நான்தான் எழுத வேண்டும் என்று மதினி சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார்கள்.

“சும்மா புகழ்ந்து எழுதிராதீங்க தம்பி. அவுகளுக்கு அது பிடிக்காது. உள்ளத உள்ளபடி எழுதுங்க.”

உள்ளதை உள்ளபடி எழுதுவதென்றால் முதல் வரியிலேயே இதைச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு அண்ணன் மேல் பொறாமை. விவரம் தெரிந்த நாளிலிருந்து பொறாமை. போன வருடம் அவருக்கு மாலை போட வந்த கூட்டத்தைப் பார்த்தபோதுகூட, எனக்கு இதில் பாதியாவது வருமா என்று ஒரு கணம் எண்ணினேன். அழுதுகொண்டேதான் எண்ணினேன்.

அண்ணன் பிறந்தது சேரன்மகாதேவியில், அம்மா பிறந்த வீட்டில். அறுவடை முடிந்த சமயம், வீடு கொள்ளாத சனம் என்று அம்மா சொல்வார்கள். நான்கு வருடம் கழித்து நான் பாளையங்கோட்டையில் பிறந்தபோது ஐப்பசி அடைமழை, ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இதற்கு அண்ணன் என்ன செய்வார் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் வயிறு எரியத்தான் செய்தது.

அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தார்கள். மாலையானால் வெள்ளைக் கால்சட்டை போட்டுக்கொண்டு கிளப்புக்கு டென்னிஸ் ஆடப் போய்விடுவார்கள். எங்கள் இருவருக்கும் ஆட்டம் அப்படித்தான் தொற்றியது. அண்ணனுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அப்பா மாரடைப்பில் போய்விட்டார்கள். அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, அப்பா வேலை பார்த்த அலுவலகத்திலேயே எழுத்தராகச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நான் பட்டம் வாங்கினேன், வங்கியில் வேலைக்குப் போனேன். இதை நான் எந்நாளும் மறந்ததில்லை. மறக்க ஊரும் விட்டதில்லை. “ஒங்க அண்ணன் மட்டும் இல்லன்னா நீ என்னலே ஆயிருப்பே?” என்று கேட்காத உறவினர் கிடையாது. தியாகம் செய்கிறவருக்குப் பேர் கிடைக்கிறது. அதைக் கை நீட்டி வாங்கிக்கொண்டவனுக்கு என்ன கிடைக்கிறது என்று யாரும் யோசிப்பதில்லை.

இனி டென்னிஸுக்கு வருகிறேன். அண்ணனைப் பற்றி எழுதிவிட்டு டென்னிஸை எழுதாமல் விட்டால் மலரைத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள்.

அந்தக் காலத்தில் எல்லாமே மரமட்டை. இன்றைக்கு இருப்பதில் பாதி அளவுதான் அதன் முகம். நட்டநடுவில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் பந்து பட வேண்டும். தப்பினால் மணிக்கட்டு வரை அதிரும். மழைக்காலத்தில் மரம் கோணிக்கொள்ளும் என்பதால், ஆடி முடித்ததும் நான்கு மூலையிலும் திருகாணி வைத்த மரக்கூண்டுக்குள் மட்டையை வைத்து முறுக்கி வைப்போம். அதற்குப் பிரஸ் என்று பேர்.

எங்கள் கிளப்பில் வேறு எங்கும் கேள்விப்படாத ஒரு முறை இருந்தது. ஆண்டுப் போட்டியில் ஜெயித்தவர் தன் மட்டையைப் பிரஸ்ஸோடு கேரம் அறைச் சுவரில் உள்ள பெரிய ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஒரு வருடம் அது அங்கேயே தொங்கும். பைனலில் தோற்றவர் தன்னுடைய மட்டையை ஜெயித்தவருக்குக் கொடுப்பார். ஜெயித்தவர் அந்த வருடம் முழுவதும் அதில்தான் ஆட வேண்டும். அடுத்த ஆண்டுப் போட்டியில் மட்டும் எந்த மட்டையை எடுப்பது என்பது அவர் இஷ்டம்.

மைதானத்துக்குத் தண்ணீர் தெளித்து, கோடு போட்டு, மட்டைக்கு நரம்பு கட்டித் தரும் மார்க்கர் அண்ணாச்சி இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார். “ஜெயிச்சது பேட்டா ஆளான்னு ஒரு வருசத்துல தெரிஞ்சிரும்லா” என்பார். அவர் சொல்லாத நாள் இல்லை.

அண்ணன் விஷயத்தில் அது தெரிந்துகொண்டே இருந்தது. தொடர்ந்து மூன்று வருடம் பைனலில் நாங்கள் இருவரும்தான் மோதினோம். மூன்று முறையும் நான் தோற்றேன். முதல் முறை தோற்று என் மட்டையைக் கொடுத்தேன். மறு வருடம் அதே மட்டையால் என்னைத் தோற்கடித்தார். என் மட்டை எனக்காக ஒரு நாளும் அப்படி ஆடியதில்லை. மட்டையைச் சாய்த்துப் பந்தைப் பைய அறுத்து மூலையில் வைத்துவிட்டு, பூனை மாதிரி நெட்டுக்கு வந்து நிற்பார். நான் அடிப்பதற்கு இடமே இருக்காது. சத்தம் போட மாட்டார், அவருக்கு வேர்க்காது, கோட்டில் பட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் புள்ளியை எதிராளிக்கே கொடுத்துவிடுவார். அதிலும் அவருக்குத்தான் நல்ல பேர். ஆடவந்த அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொண்டு போவார்கள். நான் பக்கத்தில் நிற்பேன். “தம்பியா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

இந்த நிலையில்தான் என்னோடு படித்த மேலப்பாளையம் நண்பர் துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்தார். எனக்கு ஒரு மட்டை கொண்டுவந்திருந்தார். கறுப்பு நிறம், கிராபைட்டாம். முகம் முறம் போல அகலம். தூக்கினால் கையில் ஏதும் இருப்பதாகவே தெரியவில்லை. ஒரு வாரம் யாருக்கும் காட்டாமல் வைத்துத் தடவிக்கொண்டிருந்தேன்.

கிளப்புக்குக் கொண்டுபோன அன்று அண்ணன் அதை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நான் நாலு பந்து அடித்ததையும் பார்த்தார். பிறகு கமிட்டிக்காரர்கள் அத்தனை பேர் இருக்கும்போதே சொன்னார். “இது ஆட்டம் இல்ல வே. ஏமாத்து. பந்து தானா போகுது, இவன் கூடப் போயிட்டு வாரான்.”

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஆண்டுப் போட்டி வரைக்கும் என் காதில் இருந்தது.

பைனலில் தன் சொந்த மரமட்டையோடு இறங்கிய அண்ணனை இரண்டு நேர் செட்டில் ஜெயித்தேன். அவர் வழக்கம்போல அறுத்து வைத்துவிட்டு நெட்டுக்கு வருவார். முன்பெல்லாம் எட்டாத பந்து இப்போது எட்டியது. கீழிருந்து மேலாகச் சுழற்றி இழுத்தால் அவர் தலைக்கு மேல் போய்க் கோட்டுக்குள் விழுந்தது. ஓரத்தில் பட்டதுகூட உள்ளே போனது. இரண்டாவது செட்டில் அவர் நெட்டுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். எனக்கு அப்போது பரிதாபம் வரவில்லை. சந்தோஷம், அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டம் முடிந்ததும் மார்க்கர் அண்ணாச்சி என் பக்கம் கையை நீட்டினார். மட்டையை வாங்கி ஆணியில் மாட்டுவதற்கு. அப்போதுதான் எனக்கு அந்த முறையே நினைவுக்கு வந்தது. இதை மாட்டிவிட்டால் ஒரு வருடம் அண்ணனுடைய மரமட்டையில் ஆட வேண்டும்.

“இதுக்குப் பிரஸ் கிடையாது அண்ணாச்சி. பிரஸ்ஸோடதான மாட்டணும்? வெறும் பேட்டை எப்படி மாட்டுறது?” என்றேன்.

இப்படி ஒரு சாக்கு என் வாயில் எங்கிருந்து வந்ததோ தெரியாது. கமிட்டியில் இருந்தவர்களெல்லாம் சர்க்கார் அலுவலகக்காரர்கள். உட்கார்ந்து, முறை எப்படி எப்படி என்று விவாதித்து, பிரஸ் இல்லாத மட்டைக்கு இது பொருந்தாது என்று முடிவே எடுத்துவிட்டார்கள். மார்க்கர் அண்ணாச்சி கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனார்.

அண்ணன் தன் மட்டையைப் பிரஸ்ஸில் வைத்து, நான்கு திருகாணியையும் பொறுமையாக முறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நீட்டினார்.

“இந்தா.”

“எதுக்குண்ணே? அதான் வேண்டாம்னு சொல்லிட்டாகளே.”

“நீ மாட்டாதது ஒன் இஷ்டம். தோத்தவன் குடுக்கணும், நான் குடுக்கேன்.” பிறகு கொஞ்சம் நின்று சொன்னார்: “பேட்டு நல்லா ஆடுச்சுலே.”

நீ நல்லா ஆடினே என்று சொல்லவில்லை. தேநீர் குடிக்கும்போது எல்லோரும் போய் அண்ணனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். ஜெயித்தவன் நான். நான் வடைத்தட்டுப் பக்கம் தனியாக நின்றேன்.

மறு வருடம் நாலைந்து பேர் கையில் புது மட்டை வந்துவிட்டது. ஆணி காலியாகவே கிடந்தது. அவரவர் கைப்பிடி, அவரவர் எடை என்று ஆனபிறகு யார் மட்டையை யார் வாங்கி ஆடுவார்கள்? நெட்டுக்கு வந்து ஆடுகிறவர்கள் குறைந்து, ஆளுக்கொரு கோட்டில் நின்று இழுத்து இழுத்து அடித்தார்கள். அண்ணன் மட்டும் கிளப்பில் கிடந்த இன்னொரு மரமட்டையை எடுத்துக்கொண்டு பிடிவாதமாக ஆடினார். முன்பு இடது கையால் ஜெயித்திருக்கக்கூடியவர்களிடமெல்லாம் தோற்றார். பிறகு போட்டிகளில் ஆடுவதை விட்டுவிட்டு நடுவராக உட்கார்ந்தார். அங்கேயும் அவருக்குத்தான் மரியாதை. நான் ஆறு முறை சாம்பியன் ஆனேன். அவர் கொடுத்த மட்டை மட்டும் என் அலமாரி மேல் பிரஸ்ஸோடு அப்படியே இருந்தது. அதில் ஒரு பந்துகூட நான் அடித்ததில்லை.

அண்ணன் துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றார். சீவலப்பேரிப் பக்கம் வெள்ளம் வந்தபோது மூன்று நாள் வீட்டுக்கு வராமல் படகில் ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். அம்மாவைக் கடைசி வரை தன்னிடமே வைத்துப் பார்த்துக்கொண்டார். அம்மாவும் கடைசியில் கூப்பிட்டது அவரைத்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் இதயம் பலவீனமாகி அடிக்கடி ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆனது. மதினி வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரும் மத்தியான வேளையில் நான் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் அண்ணனாகவே பேச்சைத் தொடங்கினார்.

“ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்லே. நீ அந்தக் கறுப்பு பேட்டுல ஜெயிச்சியே, அதுக்கப்புறம் பேங்க் டிரெய்னிங்னு பத்து நாளு மெட்ராஸ் போனே. ஞாவகம் இருக்கா?”

“ஆமாண்ணே. பேட்டை வீட்டுலதான் வச்சிட்டுப் போனேன்.” அப்போது எல்லோரும் ஒரே வீட்டில்தான் இருந்தோம்.

“அந்தப் பத்து நாளும் நான் எடுத்துட்டுப் போனேன். விடியக்காலம் யாரும் வாறதுக்கு முந்தி. கிளப்பு பின்னால சுவர் இருக்குல்லா, அங்கன நின்னு அடிச்சேன்.” மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுச் சொன்னார். “என்ன சொகம்லே அது. நான் நெனைச்ச எடத்துக்கெல்லாம் போச்சு. அது மட்டும் எங்கிட்ட இருந்திருந்தா ஒன்னைய ஒரு செட்டு எடுக்க விட்டிருக்க மாட்டேன். ஒன் மேல அப்படிப் பொறாமை எனக்கு.”

அண்ணனுக்கு என் மேல் பொறாமை. இந்த ஒரு சொல்லுக்காக நாற்பது வருடம் காத்திருந்திருக்கிறேன்.

“அப்பம் நீயும் ஒண்ணு வாங்கியிருக்கலாம்லாண்ணே?”

“எப்படிலே வாங்குவேன்? அத்தன பேரு முன்னால ஏமாத்துன்னு சொல்லிட்டேன். சொன்னத முழுங்கிட்டுப் போயி வாங்க முடியுமா? மார்க்கர் அண்ணாச்சி மட்டும் பாத்துட்டாரு. பாவம், சாகுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.” பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்: “சரி, நான் குடுத்த பேட்டுல ஆடுனியா?”

பொய் சொல்லியிருக்கலாம். “இல்லண்ணே. பயமா இருந்துச்சு” என்றேன்.

அண்ணன் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடி வந்துவிட்டார். “போய் ஆடிட்டு வந்து சொல்லு” என்றார், சிரிப்பு அடங்கியதும்.

மட்டையை இறக்கினேன். அண்ணன் முறுக்கிய திருகாணி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டுக் கழற்றினால், மரம் ஒரு நூல்கூடக் கோணவில்லை. புது நரம்பு கட்டி வாங்க நான்கு நாளாயிற்று. ஐந்தாம் நாள் காலை ஆடினேன். பத்துப் பந்தில் இரண்டுதான் நடுவில் பட்டது. மற்றதெல்லாம் வேலிக்கு வெளியே. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அப்படியே சொன்னேன்.

“ஜெயிச்சது பேட்டுதாண்ணே. நான் இல்ல.”

அண்ணன் தலையை ஆட்டினார். “எழுவது வயசுல ஆடிப் பாத்துட்டு என்னத்தலே கண்டே? அன்னைக்கே மாட்டிட்டு, மறுநாளே ஆடியிருக்கணும். இப்பம் ஒனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

அதற்குப் பிறகு பன்னிரண்டு நாள்தான் இருந்தார்.

அண்ணனின் திதி முடிந்த மறுநாள் காலை, என் கறுப்பு மட்டையைக் கிளப்பின் பழைய ஆணியில் மாட்டப்போகிறேன். கமிட்டியில் இப்போது இருப்பவர்களுக்கு அந்த முறையே தெரியவில்லை. ஆணியில் ஒரு காலண்டர் தொங்குகிறது. அதை எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார்கள். ஒரு வருடம் அண்ணன் மட்டையில்தான் ஆடுவேன். தோற்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம்.

அண்ணனைத் தன் தகப்பனைப் போலப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், நர்ஸ்களுக்கும், ஆற்றுக்குச் செல்லும் வரை தோள் கொடுத்த உறவினர்களுக்கும், பதினாறாம் நாள் வரை எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் சாப்பாடு அனுப்பிய மேலப்பாளையம் நண்பர் குடும்பத்தாருக்கும், சொல்லி அனுப்பாமலே வந்து நின்ற சீவலப்பேரிக்காரர்களுக்கும், ஐம்பது வருடம் அண்ணனோடு வாழ்ந்த எங்கள் மதினிக்கும் குடும்பத்தின் சார்பில் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

மார்க்கர் அண்ணாச்சிக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்பது மதினியின் விருப்பம். அவர் ரகசியம் காத்தவர், நல்ல மனிதர், எல்லாம் சரி. எனக்குத்தான் மனம் வரவில்லை, அதே பழைய பொறாமை. அந்தப் பத்து நாள் விடியலில் என் அண்ணன் என் மட்டையால் ஆடியதைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான்.