அரை டிக்கெட் செடி

இமயமலைக்கு அடுத்தபடி இந்தியாவில் உயரமானது எது என்று யாராவது கேட்டால், பெருமாள்மலை கண்டக்டர் பொன்னுவேல் வீட்டுக் கொல்லையில் நிற்கும் கூம்புப்பூச் செடி என்று தயங்காமல் சொல்லுங்கள். மதுரையில் இறங்குகிற விமானங்கள் அதில் மோதிவிடாமல் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. போன மாதம் ஒரு மேகம் அதில் மாட்டிக் கிழிந்தது. இதெல்லாம் கிளாவரை பஸ்ஸில் ஏறுகிற அத்தனை பேரிடமும் பொன்னுவேல் பெரியப்பாவே சொல்வது. நான் கொஞ்சம் குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.

பெரியப்பா என்றால் சொந்தமில்லை, பக்கத்து வீடு. இருபத்தெட்டு வருடமாகக் கண்டக்டர். அவர் செய்த பெரிய சாதனை, அரை டிக்கெட் திருடர்களைப் பிடித்தது. பஸ் கம்பியில் ஒரு சிவப்புக் கோடு இருக்கும். பிள்ளையின் தலை அதைத் தாண்டினால் முழு டிக்கெட். சின்ன வயதில் சித்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நான் கோட்டுக்கு முன்னால் முட்டியை மடக்கி நிற்பேன். அவர் பேனாவால் முட்டியில் ஒரு தட்டுத் தட்டுவார்.

"ஏலே அஜய், காலை நீட்டு. போன வாரத்துக்கு ஒரு சாண் கொறஞ்சுட்டியே, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

பஸ்ஸே சிரிக்கும். பள்ளிக்கூடத்தில் சொன்ன எதுவும் என் மண்டையில் நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் நின்றது.

செடிக்கு விதை அனுப்பியது அவர் மகள் சண்முகசுந்தரி. கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்துக்கு ஒரு போன், வருடத்துக்கு ஒரு தடவை வரவு. அமெரிக்காக் காட்டில் தானாக முளைக்கிற செடியாம் அது. நடுவில் கூம்பு, சுற்றிலும் விரித்த குடை மாதிரி தொங்கும் இதழ்கள் என்று பாக்கெட்டில் படம். முதல் வருடம் வெறும் இலை. மார்கழிப் பனியில் அதுவும் கருகிப்போக, பெரியப்பா மூன்று நாள் சவரம் செய்யவில்லை. சித்திரையில் அதே வேரிலிருந்து மறுபடி துளிர்த்தது. "ஸ்டாப்புல எறங்கி டீ குடிச்சுட்டு வந்திருக்கு" என்றார்.

செய்தி கேட்ட சுந்தரி அக்கா, "மொதப் பூவுக்கு லீவு போட்டுட்டு வாரேன்பா" என்றது. அன்றிலிருந்து பெரியப்பாவுக்கு வேறு சோலி இல்லை. அரை டிக்கெட் உயரத்தில் எதுவும் பூக்காது என்பது அவர் கண்டுபிடிப்பு. பஸ் கோட்டின் உயரத்தைச் சணல் கயிற்றில் அளந்து, முடிச்சுப் போட்டு வந்து, கொல்லைச் சுவரில் அதே உயரத்துக்கு நீலக்கோடு இழுத்தார். செடி அதைத் தாண்டினால்தான் மகளுக்குத் தகவல். கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அவர் வெள்ளனே பஸ்ஸுக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். ஏழு வருடச் சிரிப்புக்குக் கணக்குத் தீர்க்க இதைவிட நல்ல சுவர் கிடைக்காது. வாரம் ஒரு நாள் சுண்ணாம்பால் பழைய கோட்டை அழித்து, மூன்று விரல் மேலே புதுக்கோடு போட்டேன்.

செடி வளர்ந்தது, கோடும் வளர்ந்தது. பெரியப்பா சாணி போட்டார், மீன் கழுவிய தண்ணீர் விட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை செடிக்கு முன்னால் விறைப்பாக நின்று இரண்டு விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும், இரண்டு என்றால் போக வேண்டும். செடி எங்கேயும் போகவில்லை. நான் வேலிக்குப் பின்னால் வாயில் துண்டை அடைத்துக்கொண்டு கிடந்தேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம் அவர் போனில் பேசுவது கேட்டது.

"இன்னும் தாண்டல தாயி. அரை டிக்கெட்டுதான்... செரி, லீவு கெடக்கட்டும், பெறகு போட்டுக்க."

போனை வைத்துவிட்டுக் கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது.

எனக்குத் துண்டு தேவைப்படவில்லை. அந்த அக்காதான் எனக்குப் பத்தாவது பரீட்சைக்கு இரண்டு தடவையும் பேனா வாங்கிக் கொடுத்தது. அது வீட்டுக்கு வருகிற வழியில் நான் வாரம் மூன்று விரல் உயரத்துக்குச் சுவர் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறுநாள் பஸ் கிளம்பிய சத்தம் கேட்டதும் கோட்டை இறக்கப் போனேன். பழைய இடம் எது என்று மறந்துவிட்டது. குத்துமதிப்பாக இறக்கினேன். போதாதோ என்று இன்னும் கொஞ்சம் இறக்கினேன். முடித்துப் பார்த்தால் கோடு என் இடுப்புக்கு வந்திருந்தது.

சாயங்காலம் வந்த பெரியப்பா சுவரைப் பார்த்தார், செடியைப் பார்த்தார். ஒரே பகலில் இரண்டு முழம் தாண்டிய செடியை அதிசயமாகப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஒரு பெருமூச்சு மட்டும் விட்டு, போனை எடுத்தார். "தாயி, ஃபுல் டிக்கெட் ஆயிருச்சு. வெரசா வா."

சுந்தரி அக்கா வெள்ளிக்கிழமை வந்தது. சனிக்கிழமை காலை மொட்டு ஒன்று விரிந்தது, ஊதா நிறம், படத்தில் இருந்த மாதிரியே. அக்கா அதோடு நாற்பது போட்டோ எடுத்துக்கொண்டு டீ போட உள்ளே போனது. நான் நழுவப் பார்த்தேன்.

"ஏலே, நில்லு."

பெரியப்பா பையிலிருந்து சணல் கயிற்றை எடுத்து, ஒரு நுனியைக் காலால் மிதித்துச் சுவரோரம் நிமிர்த்திப் பிடித்தார். என் கோட்டுக்கு ஒரு முழம் மேலே நின்றது முடிச்சு.

"கோட்டுக்கு முன்னால முட்டி மடக்குற பயலுகள இருவத்தெட்டு வருசமாப் பாக்குறேன். கோடே முட்டி மடக்குனத இப்பத்தாம்லே பாக்குறேன்."

"எப்பத் தெரியும் பெரியப்பா?"

"மொத வாரமே."

"தெரிஞ்சுமா விசில் ஊதுனீங்க?"

"வேலிக்குப் பின்னால நீ கெடந்து உருண்டியே, அதப் பாக்கத்தான்."

"அன்னைக்கு வாளியில ஒக்காந்து அழுதீங்களே?"

"அழுதேனா? சிரிப்ப அடக்குனேன்." அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "மாசத்துக்கு ஒருக்கப் பேசுற பிள்ள, தாண்டிருச்சாப்பா, தாண்டிருச்சாப்பான்னு தெனமும் போன் போட்டுச்சு. ஒன் புண்ணியம். பனி வர வரைக்கும் நீ கோட்ட ஏத்துவேன்னு பாத்தா, அவசரக்குடுக்க, எறக்கிட்டியே!"

அவர் அடுத்த பாத்தியைக் காட்டினார். அங்கே இரண்டாவது செடி முழங்கால் உயரத்தில் நின்றது. பிறகு எங்கள் வீட்டு விறகுக் கட்டைக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்திருந்த நீலப் பெயிண்ட் டப்பாவையும் பிரஷ்ஷையும் வேட்டி மடிப்பிலிருந்து எடுத்து என் கையில் வைத்தார்.

"அந்தச் செடிக்கும் ஒரு கோடு போடு. முட்டிய மடக்காம, நல்லா எக்கி நின்னு போடு."